பதின்மூன்று பவுண்டு பசு

1784-ம் வருஷம், ஜூன் மாதம். வடக்கு இங்கிலாந்தில் டார்லிங்டன் என்று ஒரு ஊர். பின்னாளில், 1825-ல், நீராவி எஞ்சின் இழுத்த முதல் பொது ரயில் என்று சரித்திரப் புத்தகத்தில் படித்திருப்பீர்களே, ஸ்டாக்டன் - டார்லிங்டன், அதே டார்லிங்டன்தான். ஆனால் நம் கதை நடக்கும்போது அங்கே ரயில் கிடையாது. மாட்டுச் சந்தை மட்டும் உண்டு.

அந்தச் சந்தைக்குள் சார்லஸ் காலிங் என்கிற விவசாயி நுழைகிறார். முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியவர். பக்கத்திலேயே கெட்டன் என்ற இடத்தில் பண்ணை. ஒரு பசு அவர் கண்ணில் படுகிறது. மஞ்சள் கலந்த சிவப்பு நிறம். குட்டைக் கால்கள், அகன்ற உடம்பு. விலை பேசினார், 13 பவுண்டு கொடுத்தார், கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பசுவுக்கு வம்சாவளிப் பத்திரம் கிடையாது. சொல்லிக்கொள்ளும்படி ஒரு பெயர்கூடக் கிடையாது. நார்தம்பர்லாண்ட் பிரபுவின் நிலத்தில் குத்தகைக்கு இருந்த ஒருவரிடமிருந்து வந்த மாடு என்பதால், பிறகு அதற்கு 'டச்சஸ்' என்று பெயர் வைத்தார்கள். பிரபு வீட்டு அம்மாள் மாதிரி.

இந்த டச்சஸை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 89 வருஷம் கழித்து, இதன் வாரிசு ஒன்று அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் 40,600 டாலருக்கு ஏலம் போகப் போகிறது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய எட்டாயிரம் பவுண்டு.

13 எங்கே, எட்டாயிரம் எங்கே? நடுவில் என்ன நடந்தது என்பதுதான் விஷயம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்து இங்கிலாந்து விவசாயிக்கு மாடு என்றால் புல்லைப் பாலாகவும் கறியாகவும் மாற்றித் தருகிற ஒரு ஜீவன். டீஸ் ஆற்றுப் படுகை முழுக்கப் புல். மழைக்குக் குறைவில்லை. புல் தானாக முளைக்கிறது. அதை வெட்டிச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றால் பெரிதாக என்ன கிடைத்துவிடும்? மாட்டின் வயிற்றுக்குள் அனுப்பினால் காசு. ஆக, குறைந்த புல்லில் நிறையச் சதை வைக்கிற, நிறையப் பால் கறக்கிற, வருஷம் தவறாமல் கன்று போடுகிற மாடு எதுவோ அதுதான் நல்ல மாடு. வேறு இலக்கணம் கிடையாது.

அதனால் மேய்ச்சலுக்கு மாடு வாங்குகிறவன் சந்தையில் பார்க்கிற விஷயங்களே தனி. வாய் அகலமா? ஒரு கடிக்கு எவ்வளவு புல் உள்ளே போகும்? வயிறு கொள்ளுமா? குளம்பு சரியாக இருக்கிறதா? பல் தேய்ந்துவிட்டதா? அப்புறம் ரொம்ப முக்கியம், இந்த மாடு இதற்குமுன் எந்த மண்ணில் மேய்ந்தது? வளமான மண்ணில் வளர்ந்த மாட்டை வறண்ட மண்ணுக்குக் கொண்டுவந்தால் நாலே மாதத்தில் எலும்பும் தோலுமாகிவிடும். வறண்ட பூமியில் தாக்குப்பிடித்த மாட்டை வளமான புல்லுக்குக் கொண்டுவந்தால் மளமளவென்று தேறும். ஆகவே, உன் நிலத்தைவிட மோசமான நிலத்திலிருந்து மாடு வாங்கு என்பது அங்கே மேய்ச்சல்காரர்களுக்குப் பாலபாடம்.

காலிங் சகோதரர்களுக்கு (சார்லஸுக்கு ராபர்ட் என்று ஓர் அண்ணன் உண்டு, அவரும் பக்கத்திலேயே பண்ணை வைத்திருந்தார்) இந்தப் பாடம் நன்றாகத் தெரியும். அவர்களுடைய மந்தைக்கு அஸ்திவாரம் போட்ட காளையின் கதையைப் பாருங்கள். ஓர் ஏழை மனிதன். சொந்த நிலம் இல்லை. ஒரே ஒரு பசு. அதைத் தெருவோரப் புல்லில் மேய்த்துத்தான் காலம் தள்ளினான். அந்தப் பசுவுக்கு ஒரு காளைக்கன்று பிறந்தது. கன்று கை மாறி கை மாறிக் கடைசியில் சார்லஸிடம் வந்து சேர்ந்தபோது விலை 8 கினி. அந்தத் தாய்ப்பசுவையும் ஒருவர் வாங்கி நல்ல மேய்ச்சல் நிலத்தில் விட்டார். என்ன ஆனது தெரியுமா? தெருவோரப் புல்லிலேயே தளதளவென்று இருந்த மாடு, நல்ல புல்லைக் கண்டதும் கொழுத்துத் தள்ளிவிட்டது. அதற்கப்புறம் சினையே பிடிக்கவில்லை.

இந்தக் கடைசி வரியையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அந்தக் காளையைச் சார்லஸ் இரண்டு வருஷம் வைத்திருந்துவிட்டு, ஹப்பேக் என்கிற ஆசாமிக்கு விற்றுவிட்டார். பிற்பாடுதான் அதன் கன்றுகளின் அருமை தெரிந்தது. காளைக்குச் சரித்திரத்தில் நிலைத்த பெயர் 'ஹப்பேக்'. வளர்த்தவன் பெயர் இல்லை, மேய்த்த ஏழையின் பெயரும் இல்லை. கடைசியாக வாங்கியவர் பெயர்!

நல்ல மாடு கிடைத்தாயிற்று. அதன் குணம் கன்றுக்கும் வரவேண்டுமே? அதற்கு வழி சொல்லிக்கொடுத்தவர் ராபர்ட் பேக்வெல். டிஷ்லி என்ற ஊரில் ஆடு, மாடு, குதிரையெல்லாம் வளர்த்துக்கொண்டிருந்த பெரியவர். நல்ல குணம் ஒன்று கிடைத்துவிட்டால், அதே குடும்பத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப இனம் சேர்ப்பது அவருடைய முறை. அவரிடம் போய்ப் பார்த்துப் படித்துக்கொண்டு வந்த சார்லஸ், குருவை மிஞ்சினார். 1804-ல் பிறந்த 'கோமெட்' என்ற காளையின் உறவுமுறையைச் சொல்கிறேன், தலை சுற்றினால் நான் பொறுப்பில்லை. கோமெட்டின் அப்பாவும் அம்மாவழித் தாத்தாவும் ஒரே காளை. அம்மாவழிப் பாட்டி யார் என்றால், அந்தக் காளையைப் பெற்ற தாய்!

மனுஷ தர்மத்தில் இதற்கு இடமில்லை. மாட்டு விஷயத்தில், சில தலைமுறைகளுக்கு இது பிரமாதமாகப் பலித்தது. கெட்டனில் 1796-ல் பிறந்த ஓர் எருது எக்கச்சக்கமாக வளர்ந்து, அதைத் தனி வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கண்காட்சி நடத்திக் காசு பார்த்தார் ஒருவர். 'டர்ஹாம் எருது' என்று பெயர். 2,000 பவுண்டு வரை கேட்டும் கொடுக்கவில்லை. 1807-ல் இடுப்பு எலும்பு பிசகி, வெட்ட வேண்டியதாகிவிட்டது. அந்தப் பெயரில் இங்கிலாந்தில் இன்றைக்கும் மதுக்கடைகள் இருக்கின்றன. காலிங் மாடுகளுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டுமா?

1810 அக்டோபர். சார்லஸ் தன் மந்தையை மொத்தமாக ஏலம் விடுகிறார்.

ஏலம் என்பது சந்தை மாதிரி இல்லை. சந்தையில் விற்கிறவன் ஒரு பக்கம், வாங்குகிறவன் ஒரு பக்கம். அவன் ஏற்றிச் சொல்வான், இவன் இறக்கிக் கேட்பான். நடுவில் எங்கேயோ விலை நிற்கும். ஏலத்தில் விற்கிறவன் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றுவிடுகிறான். நீங்கள் மோதுவது உங்களைப் போலவே வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரரோடு. மாடு நடுவில் சுற்றி வரும். ஆனால் உங்கள் கண் அவர் முகத்தின்மீதுதான் இருக்கும். அவருக்குக் கிடைத்துவிடக் கூடாதே என்கிற பதைப்பு மாட்டின் விலையோடு சேர்ந்துகொள்ளும்.

கெட்டனில் அன்றைக்கு அதுதான் நடந்தது. 47 மாடுகள், மொத்தம் 7,115 பவுண்டுக்கு மேல். கோமெட் மட்டும் 1,000 கினி. கினி என்பது ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும். அன்றைய பண்ணைக்கூலி ஒருவர் முப்பது வருஷம் உழைத்தாலும் அத்தனை பணத்தைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். நாலு பேர் கூட்டுச் சேர்ந்து அந்தக் காளையை வாங்கினார்கள். ஆயிரம் கினிக்கு விலைபோன முதல் காளை அதுதான். நெப்போலியன் யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். விளைபொருள் விலையெல்லாம் உச்சத்தில் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் தாமஸ் பேட்ஸ் என்று ஒருவர் இருந்தார். 183 கினிக்கு ஓர் இளம்பசுவை வாங்கினார். டச்சஸ் வம்சத்துப் பசு.

பேட்ஸ் ஒரு தனிப்பிறவி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாய் ஓயாது. சண்டைக்காரர். டச்சஸ் ரத்தத்துக்கு இணை உலகத்திலேயே கிடையாது என்பது அவருடைய வேதம். ஆனால் ஆசாமி சும்மா பேசுகிறவர் இல்லை. வெறும் புல் மட்டுமே தின்கிற பசு எவ்வளவு பால் கறக்கிறது, எவ்வளவு வெண்ணெய் எடுக்க முடிகிறது என்று கணக்கெழுதி வைத்துக்கொண்டவர். 1839-ல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பெரிய கண்காட்சியில் அவர் மாடுகள் பரிசுகளை அள்ளின.

ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. அதை அவரே அறிவார். டச்சஸ் பசுக்கள் கன்று போடுவதில் கஞ்சத்தனம் காட்டின. ரத்தத்துக்குள் ரத்தமாகச் சேர்த்துக்கொண்டே போனதன் பலன். கடைசியில் 1831-ல், வேறு வழியில்லாமல், வெளியிலிருந்து ஒரு காளையை 50 பவுண்டுக்கு வாங்கிச் சேர்த்தார். மந்தை பிழைத்தது.

இதற்கிடையில் 1822-ல் ஒரு புத்தகம் வெளியாகியிருந்தது. ஜார்ஜ் கோட்ஸ் என்பவர் பண்ணை பண்ணையாகத் தகவல் சேகரித்துப் போட்ட புத்தகம். ஷார்ட்ஹார்ன் என்று பெயர் பெற்றுவிட்ட இந்த மாட்டினத்தில் எந்தக் காளைக்கு எந்தக் காளை அப்பன், எந்தப் பசு யார் வயிற்றில் பிறந்தது என்கிற ஜாதகம். மாட்டுக்கென்று உலகில் அச்சான முதல் வம்சாவளிப் பதிவேடு. நல்ல காரியம்தான். ஆனால் அதில் ஒரு விபரீதம் ஒளிந்திருந்தது. அதுவரைக்கும் மாடு வாங்கப் போனவன் மாட்டைப் பார்த்தான். இனிமேல் புத்தகத்தைப் பார்க்கலாம். மாடு நன்றாக இருக்கிறதா என்று தெரிய அனுபவம் வேண்டும். புத்தகம் படிக்க எழுத்துக்கூட்டத் தெரிந்தால் போதுமே! தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை. முடிந்தது கதை.

பேட்ஸ் 1849-ல் இறந்தார். அடுத்த வருஷம் அவர் மந்தை ஏலத்துக்கு வந்தபோது விவசாயத்துக்குக் கஷ்டகாலம். 68 மாடுகள், சராசரி 67 பவுண்டுதான் போயின. ஆனால் 1853-ல் இன்னொரு பிரபுவின் மந்தை ஏலத்துக்கு வந்தபோது அமெரிக்கர்கள் கப்பலேறி வந்துவிட்டார்கள். டச்சஸ்கள் சமுத்திரம் தாண்டின. வாங்கியவர்கள் புல்லை நம்பிப் பிழைக்கிற விவசாயிகள் அல்ல, பணக்காரர்கள். அவர்களுக்குக் குதிரை, மாளிகை, ஓவியம் மாதிரி இதுவும் ஒன்று. இங்கிலாந்தில் கலப்பில்லாத டச்சஸ் ரத்தம் அருகிப்போக, அமெரிக்காவில் மிச்சமிருந்த சிலவற்றுக்கு மவுசு ஏறிக்கொண்டே போனது. சினை பிடிப்பது அரிது, ஆகவே கன்று அரிது, ஆகவே விலை அதிகம்! குறையே பெருமையாகிவிட்டது, பாருங்கள்.

1873 செப்டம்பர் 10. நியூயார்க் மாகாணத்தில் நியூயார்க் மில்ஸ் என்ற ஊர். மந்தைக்குச் சொந்தக்காரர்கள் பஞ்சாலை முதலாளிகள். இங்கிலாந்துப் பிரபுக்களின் ஆட்களும் அமெரிக்கப் பணக்காரர்களும் எதிரும் புதிருமாக நின்றார்கள். 109 மாடுகளுக்கு வந்த தொகை 3,81,990 டாலர். ஒரு பசு 30,600. இன்னொன்று 35,000. 'ஜெனீவாவின் எட்டாம் டச்சஸ்' வளையத்துக்குள் வந்தபோது ஏலம் 40,600 டாலரில் போய்த்தான் நின்றது. (இந்த ஜெனீவா சுவிட்சர்லாந்தில் இல்லை. அதே நியூயார்க் மாகாணத்தில் இருக்கிறது.) வாங்கியவர் இங்கிலாந்துக்காரர். 13 பவுண்டு பசுவின் வாரிசு, எட்டாயிரம் பவுண்டுக்கு விலைபோனது.

அந்த வளையத்தைச் சுற்றி நின்ற யாராவது ஒருவர், இந்தப் பசு எத்தனை ஈத்து ஈனும், புல்லில் விட்டால் என்னவாகும் என்று யோசித்திருப்பாரா? எட்டாயிரம் பவுண்டுப் பசுவை யார் புல்லில் விடப் போகிறார்கள்! கொட்டகை, கம்பளி, ஆளிவிதைப் புண்ணாக்கு. ஏலத்துக்கு மாட்டைத் தயார்படுத்துகிற வித்தையே அதுதான். புண்ணாக்கும் தானியமும் ஊட்டிக் கொழுக்க வைத்துவிட்டால் எலும்பின் கோணல், முதுகின் பள்ளம் எல்லாமே சதைக்குள் மறைந்துவிடும். வாங்கிக்கொண்டுபோய் மேய்ச்சலில் விட்டால் ஒரு பருவத்தில் உருகிவிடும். கொழுத்த பசுவுக்குச் சினை பிடிப்பது கஷ்டம். அந்த ஏழையின் தெருவோரப் பசு நினைவுக்கு வருகிறதா?

ஏலம் முடிந்து எட்டே நாள். செப்டம்பர் 18. அமெரிக்காவின் மாபெரும் நிதி நிறுவனமான ஜே குக் கம்பெனி கதவை மூடியது. நாடு முழுக்கப் பீதி, வங்கிகள் வரிசையாகக் கவிழ்ந்தன. இங்கிலாந்தில் கொஞ்ச காலம் ஆட்டம் தொடர்ந்தது. 1875-லும் ஒரு காளை 4,500 கினிக்குப் போனது. பிறகு அங்கேயும் மழை, நோய், மலிவான அமெரிக்கத் தானியம் என்று அடிமேல் அடி விழ, 1880-களில் டச்சஸ் மோகம் சரிந்தது. வம்சாவளிக் காகிதம் பத்திரமாக இருந்தது. காகிதத்துக்குப் பசுதான் இல்லை. கலப்பில்லாத டச்சஸ் வம்சம் வாரிசில்லாமல் முடிந்துபோனது.

ஷார்ட்ஹார்ன் இனமே அதோடு ஒழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை. காரணம், ஸ்காட்லாந்தில் அபர்டீனுக்கு வடக்கே சிட்டிடன் என்கிற இடத்தில் இருந்த ஒரு குத்தகை விவசாயி.

பெயர் ஆமோஸ் குரூக்‌ஷாங்க். குவேக்கர் கிறிஸ்தவர், பிரம்மச்சாரி, அதிகம் பேசாதவர். பேட்ஸுக்கு நேர் எதிர். சகோதரர் அந்தோணி அபர்டீனில் ஜவுளி வியாபாரி. இருவருமாகச் சேர்ந்து 1837-ல் மந்தையை ஆரம்பித்தார்கள். ஊரோ குளிர் பிரதேசம். கோடையில் புல், நீண்ட குளிர்காலத்தில் டர்னிப் கிழங்கும் வைக்கோலும். அவரிடம் காளைக்கன்று வாங்க வந்தவர்கள் பிரபுக்கள் இல்லை, வருஷா வருஷம் குத்தகைப் பணம் கட்ட வேண்டிய அக்கம்பக்கத்து விவசாயிகள். அவர்களிடம் போய் டச்சஸ் பெருமை பேசினால் எழுந்து போய்விடுவார்கள். சீக்கிரம் சதை வைக்குமா? குளிர் தாங்குமா? அவ்வளவுதான் கேள்வி.

இருபது வருஷம், பிரிட்டன் முழுக்கச் சுற்றி ஏலங்களில் மாடு வாங்கினார் ஆமோஸ். காகிதத்தைப் பார்த்து இல்லை, கண்ணால் பார்த்து. ஆனால் மந்தை ஒரு சீராக அமையவில்லை. 1858-ல், அதிசயமாக, பார்க்காமலேயே ஒரு காளையை வாங்கினார். நாட்டிங்ஹாம் பக்கத்திலிருந்து 'லங்காஸ்டர் கோமெட்' என்ற எட்டு வயதுக் கிழக்காளை ரயிலில் வந்து இறங்கியது. ஆமோஸ் போய் எட்டிப் பார்த்தார். முதலில் தெரிந்தது இரண்டு பெரிய கொம்புகள்! இனத்தின் பெயரே 'குட்டைக் கொம்பு'. இந்த லட்சணத்தில் ஒரு காளை. மனிதர் நொந்துபோய், யார் கண்ணிலும் படாத ஒரு தூரத்துப் பண்ணைக்கு அதைத் தள்ளிவிட்டார். அங்கே குளிரில் வாதம் வந்து, அடுத்த வருஷமே அதன் கதை முடிந்தது. விட்டுப்போன கன்றுகள் கொஞ்சம்தான்.

அதில் ஒன்று 1859 நவம்பரில் பிறந்தது. 'சாம்பியன் ஆஃப் இங்கிலாந்து' என்று பெயர் வைத்தார்கள். பெயர்தான் சாம்பியன், கண்காட்சிக்குக் கொண்டுபோனால் நடுவர்கள் சீண்டவில்லை. ஆமோஸுக்கும் ஒரு கட்டத்தில் விற்றுவிடலாமா என்று யோசனை. ஆனால் அந்தக் காளைக்கு ஒரு குணம் இருந்தது. சாதாரணத் தீனியிலேயே அடர்த்தியான ரோமமும் கெட்டியான சதையும் வைத்தது. நிறுத்திக்கொண்டார். அதன் கன்றுகள் வளர வளர, இருபது வருஷமாகச் சந்தை சந்தையாகத் தேடியது சொந்தத் தொழுவத்திலேயே இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

1889-ல் ஆமோஸுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. மந்தையை ஒரு லிவர்பூல் இறைச்சிக் கம்பெனி விலைபேசியது, அர்ஜென்டினாவுக்கு அனுப்ப. பாம்பாஸ் புல்வெளி அழைத்தது. ஆனால் அர்ஜென்டினாவில் பண நெருக்கடி வெடிக்க, அனுப்ப முடியவில்லை. வில்லியம் டூத்தி என்கிற பக்கத்து ஊர்க்காரர் கிழட்டுப் பசுக்களை வாங்கிக்கொண்டார். இளம் கிடேரிகளைத் தெற்கு இங்கிலாந்தில் ஒருவர் வாங்கினார். அந்தக் கிழட்டுப் பசுக்களும் கிடேரிகளும் ஈன்ற வம்சம்தான் பிறகு அமெரிக்கப் புல்வெளிகளிலும், நெருக்கடி தீர்ந்த பின் அர்ஜென்டினாவிலும் போய்ப் பெருகியது. பேட்ஸின் டச்சஸ்கள் இருந்த இடத்தைச் சிட்டிடன் மாடுகள் பிடித்துக்கொண்டன.

ஏலக்காரர்கள் இதிலிருந்து ஏதாவது கற்றுக்கொண்டார்களா என்று கேட்கிறீர்களா?

1963 பிப்ரவரி. ஸ்காட்லாந்தில் பெர்த் நகரத்துக் காளை ஏலம். இந்த முறை ஷார்ட்ஹார்ன் இல்லை, அபர்டீன் ஆங்கஸ் என்கிற கறுப்பு மாட்டினம். குட்டையாக, உருண்டையாக, தானியம் ஊட்டிப் பளபளவென்று வளர்த்த காளைகளுக்குத்தான் அப்போது மவுசு. 'லிண்டெர்டிஸ் எவல்ஸ்' என்ற காளை உள்ளே வந்தது. அமெரிக்கப் பணம் பேசியது. சுத்தியல் விழுந்தபோது விலை 60,000 கினி, அதாவது 63,000 பவுண்டு. அதுவரை எந்தக் காளைக்கும் அங்கே அவ்வளவு கொடுத்ததில்லை.

வாங்கிய பிறகுதான் தெரிந்தது. காளை மலடு.